காலிப்பெட்டி கணக்கு

"அண்ணா, சென்னைலயே எறக்கிறலாம்ல, அது தான மேஜர் போர்ட்டு?"

சித்தப்பா பையன் வாட்ஸப்ல ரெண்டு கொட்டேஷன் போட்டோ அனுப்பிட்டு கேட்ட கேள்வி இது. அவன் புதுசா எம்பிராய்டரி யூனிட் போடறான், மெஷின் சீனால நிங்போல கப்பல் ஏறுது, ஒரு 40 அடி ஹைக்யூப் பெட்டி, அதாவது உயரம் கொஞ்சம் ஜாஸ்தியான கன்டெய்னர். ஒரு கொட்டேஷன் நிங்போ டூ சென்னை, இன்னொண்ணு நிங்போ டூ தூத்துக்குடி. சென்னைக்கு கடல் வாடகையும் கம்மி, நாளும் கம்மி. தூத்துக்குடிக்கு ரெண்டுமே ஜாஸ்தி. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குன்னு தான் எல்லாரும் கேப்பாங்க, அவனும் ஓகே சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கற மூடுல தான் இருந்தான். கொஞ்சம் பொறுடா, ஒரு ஆள பாத்துட்டு சொல்றேன்னு நிறுத்தி வச்சேன். திருப்பூர்ல உக்காந்துட்டு இம்போர்ட் பேப்பர் வேலை பாக்கறவன் நான். எந்த போர்ட்ல எறக்கலாம்னு யார் கேட்டாலும், கடல் வாடகைய மட்டும் பாத்துட்டு "சென்னை"ன்னு சொல்லி அனுப்பிடற பழக்கம் இங்க பல பேருக்கு இருக்கு, அது ரொம்ப நாளாவே எனக்கு உறுத்திட்டு இருந்துச்சு.

அந்த "மேஜர்" சமாச்சாரத்த மொதல்ல முடிச்சிடறேன். மேஜர் போர்ட்டுங்கறது சட்டத்துல ஒரு பிரிவு, அவ்வளவு தான். மத்திய அரசு கீழ இருந்தா மேஜர், மாநில அரசு கீழ இருந்தா மைனர். 1963 சட்டம் போயி 2021ல புதுசு வந்துருச்சு, ஆனா அந்த பிரிவு அப்படியே தான் இருக்கு. குஜராத்ல இருக்கற முந்த்ரா நாட்டுலயே ரொம்ப பெருசா கன்டெய்னர் ஓடற எடம், சட்டப்படி அது மேஜர் கிடையாது. நம்ம காட்டுப்பள்ளியும் கிடையாது. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி, கொச்சி இந்த நாலும் மேஜர். திருப்பூர்க்காரனுக்கு கைக்கு எட்டற தூரத்துல நாலு மேஜர் இருக்கறப்போ அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

கொட்டேஷன்ல இல்லாதது

கொட்டேஷன் பேப்பர்ல பெருசா, போல்டா போட்டிருக்கறது கடல் வாடகை. நாம பேரம் பேசறதும் அதுக்கு தான். ஆனா பெட்டி இந்தியா வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற லிஸ்ட் இருக்கே, டெர்மினல் ஹேண்ட்லிங், டெலிவரி ஆர்டர் சார்ஜ், கப்பல் கம்பெனியோட லோக்கல் சார்ஜ், போர்ட்டுக்கு வெளிய பெட்டிய வச்சு கஸ்டம்ஸ் வேலைய முடிக்கற சிஎஃப்எஸ் யார்டுக்கு போனா அங்க தூக்கி வைக்கறதுக்கு ஒரு சார்ஜ், எடுத்து குடுக்கறதுக்கு ஒரு சார்ஜ், கிரவுண்ட் ரென்ட், கிளியரிங் ஏஜென்ட் பில்லு, டிரெய்லர் வாடகை, காலிப்பெட்டிய திருப்பி விடறது, அது லேட்டானா கப்பல் கம்பெனி போடற டிட்டென்ஷன் அபராதம். மண்டப வாடகை கம்மின்னு புக் பண்ணிட்டு, கரண்டுக்கு தனி, தண்ணிக்கு தனி, பாத்திரத்துக்கு தனின்னு முகூர்த்தத்தன்னிக்கு பில்ல பாத்து முழிப்பாங்களே, அந்த கதை தான். சப்ளையர் சிஐஎஃப்னு, அதாவது கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து விலை சொல்லி அவரே கப்பல புக் பண்றப்போ இது இன்னும் மோசம். அங்க கடல் வாடகைய அடிமட்டத்துக்கு காட்டிட்டு, இங்க இருக்கற அவங்க ஏஜென்ட் லோக்கல் சார்ஜ்ல அள்ளிக்குவாங்க. கப்பல், போர்ட்டு, ஏஜென்ட்டு எதையும் நாம தேர்ந்தெடுக்கல, பில்ல மட்டும் நாம கட்டுவோம். புதுசா இம்போர்ட் பண்றவங்க கிட்ட நான் கெஞ்சி கேக்கறது ஒண்ணு தான், எஃப்ஓபி விலைக்கு, அதாவது அங்க கப்பல்ல ஏத்தற வரைக்குமான விலைக்கு பேசுங்க, கப்பல நீங்க புக் பண்ணுங்க. போர்ட்ட தேர்ந்தெடுக்கற உரிமையே அப்ப தான் உங்க கைக்கு வரும்.

சென்னைன்னு கொட்டேஷன்ல போட்டிருந்தாலும் அது எந்த சென்னைன்னு கேட்டுக்கணும். ராயபுரம் பக்கம் இருக்கற பழைய துறைமுகம் ஒண்ணு, எண்ணூர் காமராஜர் ஒண்ணு, அதுக்கு பக்கத்துல காட்டுப்பள்ளி ஒண்ணு. பேச்சுல மூணுமே சென்னை. ஆனா கஸ்டம்ஸ் சிஸ்டத்துல மூணும் வேற வேற கோட், பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சரக்கு உள்ள வர்றதுக்கு கஸ்டம்ஸ்ல போடற பேப்பர், எந்த கோட்ல போடணுமோ அதுல தான் போடணும். சென்னைக்குன்னு நெனச்சு ராஜாஜி சாலை பக்கம் ஆள தயார் பண்ணி வச்சா, கப்பல் காட்டுப்பள்ளில நிக்கும், கப்பல் கம்பெனி குடுத்த பிஎல்ல (பில் ஆஃப் லேடிங்) பாத்தா அதுவே தான் போட்டிருக்கும், யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. பேப்பர மாத்தி போட ஒரு நாள் போனா, அந்த நாளுக்கு கஸ்டம்ஸ்ல லேட் ஃபீஸ் 5,000. மொத மூணு நாளுக்கு தான் அந்த ரேட்டு, அதுக்கு மேல தினமும் 10,000. கப்பல் வர்றதுக்கு மொத நாளே பில் ஆஃப் என்ட்ரி உள்ள இருக்கணும்ங்கறது 2021ல இருந்து ரூல்.

பழைய துறைமுகத்துல இருந்து பெட்டி வெளிய வர்ற கதைய தனியா சொல்ல தேவையில்ல. ஜீரோ கேட்டுல இருந்து எண்ணூர் ரோடு முழுக்க டிரெய்லர் வரிசை கட்டி நிக்கறத அந்த பக்கம் போனவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. பகல்ல கனரக வண்டிக்கு சிட்டிக்குள்ள கட்டுப்பாடு வேற. இதுக்கு வழி பண்றேன்னு மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009ல அடிக்கல் நாட்டுனாங்க, கூவத்துல தூண் நிக்குதுன்னு 2012ல வேலைய நிறுத்துனாங்க, 2022ல ரெண்டடுக்கு மேம்பாலம்னு மறுபடி ஒரு அடிக்கல். நடுவுல எத்தன பெட்டி எத்தன நாள் அந்த ரோட்டுல தூங்குச்சுன்னு யாரு கணக்கு வச்சா? டிரைவருங்க வச்சிருப்பாங்க.

பல்லடம் ரோட்டுல ஒரு நோட்டு

நான் பாக்கப்போன ஆளு ஒரு டிரெய்லர் ஓனர். பல்லடம் ரோட்டுல தகர ஷெட்டு, முன்னாடி ஒரு மேசை, மேசைக்கு பின்னாடி அவரு, மேல முருகன் காலண்டர். சாயங்கால நேரம், ரெண்டு டிரைவருங்க செல்லுல ஏதோ பாத்துட்டு சிரிச்சுட்டு இருந்தாங்க. நான் போனது சென்னை வாடகை எவ்வளவு, தூத்துக்குடி வாடகை எவ்வளவுன்னு கேட்டு ஒரு கணக்கு போட்டு தம்பிக்கு அனுப்பிடலாம்னு தான். அவரு பதில் சொல்லாம நீளமா ஒரு அக்கவுண்ட் நோட்ட எடுத்து என் பக்கம் திருப்பி வச்சாரு. கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் டீசல் கறை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு கட்டம், போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. தூத்துக்குடி வண்டிங்களுக்கு போற கட்டத்துல எல்லாம் கம்பெனி பேரு எழுதியிருந்துச்சு, எல்லாமே பனியன் கம்பெனி. வர்ற கட்டத்துல முக்கால்வாசி வரியில வெறும் "எம்.டி"ன்னு எழுதியிருந்துச்சு, அதாவது காலி.

"பாத்தீங்ளா, போறப்ப பனியன் ஏத்திட்டு போறோமுங்க. வர்றப்ப காலிப்பெட்டிய இழுத்துட்டு முந்நூறு கிலோமீட்டர் வர்றோம். டீசல் மட்டும் காலிக்கு ஒண்ணும் கம்மியா குடிக்கறதில்லீங்க, ஏதோ கொஞ்சம். உங்க தம்பி மெஷின் அந்த காலிப்பெட்டிக்குள்ள உக்காந்து வந்துச்சுன்னா எனக்கு என்னுங்க நட்டம்?"

"சென்னைல இருந்து வந்தா?"

"வரலாமுங்க, வராம என்ன. ஆனா அங்கிருந்து இங்க வர்றது நானூத்தி அறுவது, காலிப்பெட்டிய திருப்பி கொண்டு போயி விடறது இன்னொரு நானூத்தி அறுவது. போக வர மொத்தமும் உங்க தம்பி தலையில தான் விழுவும். சென்னைக்கு ஏத்தறதுக்கு இங்க எனக்கு யாரு இருக்கறா?"

இத்தன வருசம் பேப்பர் பாத்துட்டு இருக்கேன், இந்த ரெண்டு கட்டத்த இப்படி பக்கத்துல பக்கத்துல வச்சு நான் பாத்ததில்ல. நம்ம ஊரு வெளிய அனுப்பற ஊரு. பின்னலாடைய ஏத்தறதுக்கு தினமும் காலிப்பெட்டி இங்க வேணும், அது தூத்துக்குடி யார்டுல இருந்து வெறும் காத்த சொமந்துட்டு மதுரை, திண்டுக்கல், தாராபுரம்னு ஏறி வருது. அதே ஊருக்கு இன்னொரு பெட்டி சென்னைல இருந்து மெஷினோட வந்து, மெஷின எறக்கிட்டு, காத்த சொமந்துட்டு திரும்பி சென்னைக்கு போகுது. ரெண்டு காத்துக்கும் வாடகை குடுக்கறது நாம தான்.

அதனால இப்ப யாராவது எந்த போர்ட்டுன்னு கேட்டா நான் திருப்பி கேக்கற கேள்வி, உங்க ஊரு சரக்கு எந்த துறைமுகம் வழியா வெளிய போகுது? உள்ள கொண்டு வர்றதுக்கும் அதையே மொதல்ல பாருங்க. ஓசூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், ஸ்ரீபெரும்புதூர்னா சென்னை பக்கம் கண்ண மூடிட்டு போங்க, அங்க லாரிங்க ரெண்டு பக்கமும் லோடோட ஓடும். கரூர், திருப்பூர், மதுரை, ராஜபாளையம் பக்கம்னா தூத்துக்குடி கொட்டேஷன் கொஞ்சம் ஜாஸ்தியா தெரிஞ்சாலும் தூக்கி போட்டுடாதீங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அத சொல்லாம விட்டா நாளைக்கு என்னை தான் திட்டுவீங்க. பெட்டி நம்மளுது இல்ல, கப்பல் கம்பெனியோடது. மெஷின எறக்குனதும் அந்த பெட்டிய அப்படியே பக்கத்து பனியன் கம்பெனிக்கு குடுத்துட முடியாது. கப்பல் கம்பெனி சரின்னு லெட்டர் குடுக்கணும், ஏத்தற எக்ஸ்போர்ட்டரும் அதே கம்பெனி கப்பல்ல புக் பண்ணியிருக்கணும், பெட்டி சைஸ் ஒத்து வரணும், உள்ள ஓட்டை, ஈரம், வாடை எதுவும் இருக்க கூடாது. சாயப்பவுடர், கெமிக்கல் வந்த பெட்டிய பனியன்காரங்க கிட்ட காட்டுனா கதவ தொறந்து மோந்து பாத்துட்டே வேணாம்னுடுவாங்க. அது மட்டுமில்ல, கெமிக்கல் பெரும்பாலும் 20 அடில வரும், பனியன் எடை கம்மி எடம் ஜாஸ்தி, அதுக்கு வேண்டியது 40 அடி ஹைக்யூப். எம்பிராய்டரி மெஷின் வர்றதும் அதே 40 அடி ஹைக்யூப்ங்கறது எங்க தம்பியோட அதிர்ஷ்டம். சாயப்பட்டறைக்கு சரக்கு கொண்டு வர்றவருக்கு இந்த கணக்குல பாதி கூட தேறாது, ஆனா அவருக்கு இன்னொரு வழி இருக்கு. தூத்துக்குடி சிஎஃப்எஸ்லயே பெட்டிய பிரிச்சு, பனியன் அட்டைப்பெட்டி ஏத்திட்டு போயி காலியா திரும்பற சாதா லாரில மூட்டைய ஏத்தி விட்டுடறது. ரிட்டன் லோடுன்னா வாடகைய லாரிக்காரரே எறங்கி வந்து பேசுவாரு. மெஷினுக்கு இது ஆகாது, ரெண்டு தடவ தூக்கி எறக்குனா எங்கயாவது இடிச்சிருவாங்க.

பெட்டி மாத்தி விடறது அமையலைன்னாலும் கணக்கு முழுசா கெட்டு போகாது. போக வர அறுநூறு கிலோமீட்டருக்கும் தொள்ளாயிரத்துக்கு மேலயும் இருக்கற வித்தியாசம் எப்பவும் இருக்கும்ல.

இங்க தான் எஃப்ஓபி மறுபடி வருது. கப்பல் கம்பெனிய நாம தேர்ந்தெடுக்கறதா இருந்தா, நம்ம தெருவுல இருக்கற பனியன் கம்பெனிங்க எந்த கப்பல்ல அனுப்பறாங்கன்னு விசாரிச்சுட்டு அதே கப்பல் கம்பெனில புக் பண்ணலாம். தம்பிய நாலு கம்பெனி ஷிப்பிங் மேனேஜருங்களுக்கு போன் போட சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. "மெஷின் வாங்கறதுக்கும் அவங்க டீசர்ட் அனுப்பறதுக்கும் என்னண்ணா சம்மந்தம்?"னான். போடுடா சொல்றேன்னேன்.

கொழும்பு வழி

சரி, அப்ப ஏன் தூத்துக்குடிக்கு கடல் வாடகை ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி? இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல கடல் ஆழம் கெடையாது, பெரிய கப்பல் பாக் ஜலசந்தி வழியா போக முடியாது, இலங்கைய சுத்தி தான் போகணும். கிழக்கேயிருந்து மேற்க போற கப்பல் பாதை கொழும்புக்கு பக்கத்துல போகுது, தாய்க்கப்பல்னு சொல்ற பெரிய கப்பல் அங்க நின்னு பெட்டிய எறக்கிட்டு போயிடும், அங்கிருந்து ஃபீடர்ங்கற சின்ன கப்பல் தூத்துக்குடிக்கு எடுத்துட்டு வரும். சாயங்காலம் கெளம்புனா காலைல வந்துடற தூரம் தான். 1906ல வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல வாங்கி ஓட்டுனதும் இதே தூத்துக்குடி – கொழும்பு ரூட்டுல தான். இன்னைக்கு அவரு பேர்ல இருக்கற துறைமுகத்துக்கு பெட்டி பெரும்பாலும் அதே வழியா தான் வந்துட்டு இருக்கு. ரூட்டு மட்டும் மாறவே இல்ல.

பிரச்சன அந்த ராத்திரி பயணத்துல இல்ல, கொழும்புல காத்திருக்கறதுல. தாய்க்கப்பல் ஒரு நாள் லேட்டாச்சுன்னா பிடிக்க வேண்டிய ஃபீடர் போயிடும், அடுத்ததுக்கு உக்காந்திருக்கணும். 2023 கடைசில செங்கடல்ல ஹூதிங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சப்போ ஐரோப்பா போற கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவ சுத்தி போச்சு, அட்டவணையெல்லாம் தாறுமாறாச்சு, 2024ல கொழும்புல பெட்டி மேல பெட்டி அடுக்கி நின்னுச்சு. சண்டை எங்கயோ ஏமன் பக்கம், தாராபுரம் ரோட்டுல ஒரு மில்லு மெஷினுக்காக வாசல பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. அவசரமான சாமான்னா நான் தூத்துக்குடிய சொல்ல மாட்டேன். சென்னைக்கு சீனால இருந்து நேர் கப்பல் இருக்கு, நடுவுல மாத்தாம வந்துடும். மெஷினுக்கு ஷெட்டே இன்னும் கட்டி முடியல, கரண்ட் கனெக்‌ஷன் வரலைன்னு இருக்கறவனுக்கு பத்து நாள் முன்ன பின்ன ஆனா என்ன? தம்பி ஷெட்டு அப்ப கூரை மட்டத்துல தான் இருந்துச்சு. இந்த கேள்விய யாருமே கேக்கறதில்ல, சீக்கிரம் வந்தா நல்லதுன்னு ஒரு நெனப்பு. சீக்கிரம் வந்து எறக்க எடமில்லாம பெட்டி நின்னா டிட்டென்ஷன் டாலர்ல ஓடும். அதனால புக் பண்றப்பவே டிட்டென்ஷன் ஓடாத 14 நாள் ஃப்ரீ டைம் கேட்டு எழுதி வாங்கிடுங்க, கப்பல் ஏறுனதுக்கு அப்புறம் கேட்டா தர மாட்டாங்க.

மழை, புயல வச்சு போர்ட்டு பிரிக்கறவங்களும் இருக்காங்க. 2023 டிசம்பர் மொத வாரத்துல மிக்ஜாம் புயல் வந்து சென்னை மூழ்குனப்போ, எங்க வாட்ஸப் குரூப்புல ஒரு நூல் வியாபாரி "இதுக்கு தான் தூத்துக்குடிங்கறது"ன்னு மெசேஜ் போட்டாரு. அதே மாசம் 17, 18ந் தேதி தென்மாவட்டத்துல கொட்டுச்சு பாருங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி ஊரே தண்ணிக்குள்ள. அவரு அதுக்கப்புறம் குரூப்புல குட்மார்னிங் மட்டும் தான் போடறாரு.

ஆபீசர் யாருங்கற கேள்வி

பழைய ஆளுங்க போர்ட்ட தேர்ந்தெடுக்கறதுக்கு இன்னொரு காரணம் சொல்லுவாங்க, மெல்லமா தான் சொல்லுவாங்க. அந்த போர்ட்ல கஸ்டம்ஸ்ல கெடுபிடி கம்மி, இந்த போர்ட்ல நமக்கு ஆளு இருக்கு, இந்த ஐட்டத்த அங்க கேள்வி கேக்காம விடுவாங்க. முன்னாடி அதுல நெசம் இருந்திருக்கலாம். 2020 ஜூன் 8ந் தேதி சென்னைலயும் பெங்களூர்லயும் முகமறியா மதிப்பீடுன்னு ஆரம்பிச்சாங்க, மொதல்ல எடுத்ததே கஸ்டம்ஸ் டாரிஃப்ல 84, 85 சேப்டர், அதாவது மெஷினும் எலக்ட்ரிக்கல் சாமானும். அந்த வருச முடிவுக்குள்ள நாடு பூரா வந்துருச்சு. இப்ப தூத்துக்குடில போடற பில் ஆஃப் என்ட்ரிய எந்த ஊர்ல உக்காந்து எந்த ஆபீசர் பாக்கறாருன்னு நமக்கு தெரியாது. கேள்வி வந்தா சிஸ்டத்துல வரும், பதில் சிஸ்டத்துல போகணும். பெட்டிய தொறந்து பாக்கறது மட்டும் அந்தந்த போர்ட்ல நடக்கும். ஆளு இருக்குன்னு போர்ட்டு மாத்தறதுல இப்ப அர்த்தமே கெடையாது. அந்த காசுக்கு கேட்லாக்க ஒழுங்கா மொழிபெயர்த்து, மெஷின் என்ன வேலை செய்யும்னு ஒரு பக்கம் தெளிவா எழுதி கூடவே ஏத்துங்க, பாதி கேள்வி வராமயே போயிடும்.

நல்ல கிளியரிங் ஏஜென்ட் வேணும்ங்கறது மட்டும் மாறல. தூத்துக்குடில எனக்கு வேலை பாக்கற அண்ணாச்சி ஒருத்தரு, போன எடுத்ததும் நான் பேசறதுக்கு முன்னாடியே "கப்பலு கொழும்பு தாண்டிட்டு, நாளைக்கு வந்து நிக்கும், நீங்க கஸ்டம்ஸ் டூட்டிய கெட்டிருங்க"ன்னு சொல்லுவாரு. சென்னைல எனக்கு அப்படி ஒருத்தர் அமையல. இது என் அனுபவம் தான், சென்னைல தங்கமான ஏஜென்ட்டுங்க இருப்பாங்க. ஆனா பெரிய ஊர்ல ஒத்தப்பெட்டி ஆளு லிஸ்ட்ல கடைசில தான் நிக்கணும்.

கொச்சிய பத்தியும் கேப்பீங்க. தூரத்த மட்டும் பாத்தா கோயமுத்தூர்க்காரனுக்கு கொச்சி தான் பக்கம், 190 கிலோமீட்டர் சுமாரு. அங்க வல்லார்பாடம் டெர்மினல் 2011ல தொறந்தப்போ கொழும்புக்கே போட்டின்னு பேசுனாங்க. வாளையார் செக்போஸ்ட் தலைவலி ஜிஎஸ்டி வந்ததோட போச்சு, அதே ரோட்டுல குதிரான்ல 2021ல ஒண்ணு, 2022ல ஒண்ணுன்னு சுரங்கப்பாதையும் தொறந்தாச்சு. நோக்குகூலி, அதாவது சொமக்காம சும்மா பாத்துட்டு நிக்கறதுக்கே கேக்கற கூலி, அந்த பயத்துல ஒதுங்கறவங்களுக்கு ஒண்ணு, அத 2018லயே அரசு தடை பண்ணிருச்சு, அதுவுமில்லாம பெட்டி பெட்டியாவே வெளிய வர்றப்போ அங்க சொமக்கறதுக்கு என்ன இருக்கு? பொள்ளாச்சி, கோயமுத்தூர் மேக்கால இருக்கறவங்க கண்டிப்பா ஒரு கொட்டேஷன் வாங்கி பாக்கணும். திருப்பூருக்குன்னா நான் கேட்டு பாத்தேன், டிரெய்லர்காரரு நோட்டுல கொச்சிக்கு வரியே கம்மி, அங்க காலிப்பெட்டி மாத்தி விடற வழியும் லேசுல அமையாது. கேரளால விழிஞ்ஞம் துறைமுகத்த 2025 மே மாசம் பெருசா தொறந்தாங்க, தாய்க்கப்பலே நேரா வருது, ஆனா அங்க இப்போதைக்கு முக்கிய வேலை கப்பல்ல இருந்து கப்பலுக்கு பெட்டி மாத்தறது தான். கொழும்புல நிக்கறதுக்கு பதிலா தூத்துக்குடி பெட்டி அங்க மாறி வர ஆரம்பிச்சா அப்ப இந்த கட்டுரைல ஒரு பாதிய மாத்தி எழுதணும்.

வந்து சேந்தது

தம்பி போன் போட்ட மேனேஜருங்கள்ல ஒருத்தரு அதே கப்பல் கம்பெனில வாராவாரம் புக் பண்றவரு. பெட்டி திருப்பூர் வர்ற வாரம் அவருக்கும் ஒரு ஹைக்யூப் தேவையா இருந்துச்சு. கப்பல் கம்பெனி லெட்டர் குடுக்க ஒரு நாள் இழுத்தாங்க, சும்மா இல்ல, அதுக்கும் ஒரு சார்ஜ். டிரெய்லர் காலைல அவன் ஷெட்டுக்கு வந்துச்சு, சீல உடைச்சு கதவ தொறந்தா மெஷின் பிளாஸ்டிக் சுத்தி, கட்டையில ஆணி அடிச்சு, கம்பி கட்டி அசையாம நின்னுச்சு. அத வெளிய இழுக்கறது தான் பெரிய வேலையா போச்சு. கிரேன்காரரு முன்னாடி, பசங்க பைப்ப உருட்டி விட்டு பின்னாடி, சித்தப்பா எலுமிச்சம்பழத்தோட ஓரமா. மதியம் பெட்டிய கூட்டி தள்ளுனாங்க, தரையில இருந்த ஆணியெல்லாம் புடுங்குனாங்க. அந்த பனியன் கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து உள்ள போயி கதவ சாத்த சொல்லி, இருட்டுல நின்னு எங்கயாவது வெளிச்சம் ஒழுகுதான்னு பாத்துட்டு, சரின்னு தலையாட்டுனாரு. சாயங்காலம் அதே டிரெய்லர் அதே பெட்டியோட அந்த கம்பெனிக்கு போயிருச்சு. கடல் வாடகைல கூட குடுத்தத ரோடு வாடகைல திருப்பி எடுத்தது போக, அவனுக்கு கிரேன் செலவுக்கு ஆகற அளவு மிச்சம்.

இப்ப தம்பி அடுத்து ஊசி, பாபின், சின்ன சின்ன ஸ்பேர் கொஞ்சம் வர வைக்கறான், ரெண்டு மரப்பெட்டி தான். "இதையும் தூத்துக்குடிலயே போட்டுடறேண்ணா"ன்னு தெளிவா, ரொம்ப விவரமானவன் மாதிரி சொன்னான். வேணாம்டா, சென்னைல போடுன்னேன். இது எல்சிஎல், பல பேரு சரக்க ஒரே பெட்டில சேத்து அனுப்பறது. பெட்டி நிறைஞ்சா தான் கெளம்பும், சென்னைக்கு அடிக்கடி நிறையும், தூத்துக்குடிக்கு ஆள் சேரற வரைக்கும் நிங்போ குடோன்ல கெடக்கணும். பெட்டிய சென்னை சிஎஃப்எஸ்லயே பிரிச்சிடுவாங்க, நமக்கு காலிப்பெட்டி கவலையே இல்ல, மரப்பெட்டி ரெண்டையும் பார்சல் சர்வீஸ்ல போட்டா அடுத்த நாள் திருப்பூர் வந்துடும். சிஎஃப்எஸ் சார்ஜ் எவ்வளவுன்னு மட்டும் முன்கூட்டியே எழுத்துல வாங்கிக்கோன்னு சொன்னேன், எல்சிஎல்ல கடல் வாடகை ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டிட்டு மொத்தத்தையும் அங்க தான் புடிப்பாங்க.

"அப்ப அன்னைக்கு சென்னை வேணாம்னீங்க?"ன்னான்.

அது பெட்டிடா, இது பார்சல்னேன்.